ஜோடி மாறினால் முழங்காலும் மாற வேண்டும்

2014 பிப்ரவரி 17ஆம் தேதி இரவு, எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டி எங்களைக் கூப்பிட்டார். மாஸ்கோவில் எங்களுக்கு அதுதான் முதல் குளிர்காலம். என் கணவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. நாங்கள் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு ரஷ்ய மொழியில் வணக்கம், நன்றி, எவ்வளவு, இந்த மூன்றைத் தவிர எதுவும் வராது. அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், தனியாக இருந்தார். தொலைக்காட்சியில் சோச்சி ஒலிம்பிக்ஸின் ஐஸ் டான்ஸ் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தனியாகப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

தேநீரும் செர்ரி ஜாமும் வைத்தார். நான் மரியாதைக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னப்பறவை இசைக்கு ஒரு இளம் ஜோடி ஆடியது. பெண் எலெனா இலினிக், வயது 19. பையன் நிகிதா கட்சலாபோவ், வயது 22. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற ஸ்கேட்டிங்கில் வருகிற மாதிரி எகிறிக் குதித்துச் சுழல்வது இல்லை, பெண்ணைத் தூக்கி வீசுவது இல்லை. இதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றியது. நான் அவர்களுடைய முகத்தையும் உடையையும் பார்த்துக்கொண்டிருந்ததை அந்த அம்மா கவனித்துவிட்டார். என் முகவாயை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். "நோகி, நோகி" என்றார். கால்களைப் பார், கால்களைப் பார்.

பார்த்தேன். நான்கு கால்கள், நான்கு பிளேடுகள். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் வேகமாக ஓடுகின்றன, திரும்புகின்றன, ஒன்றின் மேல் ஒன்று படுவதில்லை. ஒரே நேரத்தில் மடங்கி ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. அன்று 183.48 புள்ளிகள் வாங்கி அவர்கள் வெண்கலம் பெற்றார்கள். தங்கம் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடிக்கு. வெள்ளி கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சு, ஸ்காட் மோயர் ஜோடிக்கு. சில நாள் முன்பு அணிப் போட்டியில் ரஷ்யா வாங்கிய தங்கத்திலும் கட்சலாபோவுக்கும் இலினிக்குக்கும் பங்கு உண்டு. எதிர் வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அந்த நான்கு கால்கள் அதற்கப்புறம் மனதை விட்டுப் போகவே இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் நான் பெரியவர்களுக்கான ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். வயது 36. மாஸ்கோவில் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மனம் சோர்ந்துவிடும். வகுப்பில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊரிலிருந்து என் அம்மா தொலைபேசியில், "இந்த வயசுல பனியில விழுந்து எலும்பை உடைச்சுக்கப் போறியா, எதுக்குடி இதெல்லாம்" என்றார். அவர் சொன்னது பின்னால் பலித்தது. ஆனாலும் போனதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதத்தில் தெரிய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர் என்று நினைத்துத் தடித்த கம்பளிக் காலுறை போடாதீர்கள். மெல்லிய காலுறைதான் சரி. தடித்ததைப் போட்டால் ஷூவுக்குள் கால் நகரும், கணுக்கால் ஆடும். வாடகை ஸ்கேட்ஸில் நான்கைந்து வகுப்புக்கு மேல் போகாதீர்கள். அதன் தோல் தளர்ந்திருக்கும், பிளேடு மழுங்கியிருக்கும். உங்களுக்கு வரவில்லையா, ஸ்கேட்ஸுக்கு வரவில்லையா என்று கடைசி வரை தெரியாது. சொந்தமாக வாங்கும்போது கால் விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும், குதிகால் அசையவே கூடாது. கயிற்றை விரல் பக்கம் தளர்த்தியும் கணுக்காலில் இறுக்கியும் கட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை போகிறவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளேடைத் தீட்டினால் போதும். தளத்தை விட்டு வந்ததும் பிளேடைத் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும்தான், அதை மாட்டியபடியே பையில் வைத்தால் துருப்பிடிக்கும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் உட்காருகிற மாதிரி விழ வேண்டும், கையை நீட்டி ஊன்றக் கூடாது. விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவரின் பிளேடு விரலைத் தேடி வராது என்று சொல்ல முடியாது.

எங்கள் பயிற்சியாளருக்கு அறுபதைத் தாண்டிய வயது. தோளில் சால்வை, கையில் கையுறை, குரல் மட்டும் தளம் முழுக்கக் கேட்கும். அவர் அதிகம் சொன்ன சொல் "கலேனி". முழங்கால். "கலேனி! கலேனி!" அப்போது எரிச்சலாக இருக்கும். மடக்கித்தானே இருக்கிறேன், இன்னும் எவ்வளவு மடக்க? ஒரு நாள் அவர் என் முன்னால் வந்து பின்னோக்கிச் சறுக்கியபடியே என் இரண்டு முழங்கால் மேலும் கை வைத்து அழுத்தினார். அப்போதுதான் தெரிந்தது, நான் மடக்கியதாக நினைத்தது இடுப்பை. முழங்கால் கம்பி மாதிரி நின்றிருந்தது. பிளேடின் அடிப்பகுதி தட்டையானது அல்ல, நடுவில் லேசாகக் குழிந்து உள்ளே ஒரு விளிம்பும் வெளியே ஒரு விளிம்புமாக இருக்கும். ஏதாவது ஒரு விளிம்பில் சாய்ந்து போனால்தான் வளைவு வரும், ஓசையில்லாத வேகம் வரும். முழங்கால் மடங்காமல் அந்தச் சாய்வு வராது. ஐஸ் டான்ஸ் என்பதே இந்த விளிம்புகளின் ஆட்டம்தான். தூக்குவது உண்டு, ஆனால் சாதாரணத் தூக்கல் ஏழு நொடிக்குள் முடிய வேண்டும், தலைக்கு மேல் கை நீட்டித் தூக்கக் கூடாது. மீதி எல்லாம் இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்தபடி எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு ஆழமான விளிம்பில், எவ்வளவு ஒன்றாகப் போகிறார்கள் என்பதுதான்.

நான் இந்த முதல் பாடங்களில் இருந்தபோதே கட்சலாபோவ் தன் ஜோடியை விட்டுப் பிரிந்திருந்தார். சோச்சிக்கு அடுத்த மாதம் ஜப்பானின் சைதாமாவில் உலகப் போட்டி நடந்தது. அங்கே அவரும் இலினிக்கும் நான்காம் இடம். அந்த வசந்த காலத்திலேயே பிரிவுச் செய்தி வந்தது. அவர் விக்டோரியா சினித்சினாவுடன் சேர்ந்தார். சினித்சினாவுடன் அதுவரை ஆடிவந்த ருஸ்லான் ஷிகான்ஷின் இலினிக்குடன் சேர்ந்தார். எதிர் வீட்டு அம்மாவுக்கு இது குடும்பத்தில் நடந்த விவாகரத்து மாதிரி. சமையலறையில் நின்று நீண்ட நேரம் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. இரண்டு நல்ல ஜோடியைக் கலைத்துவிட்டார்கள், இனி நாலு பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உள்ளுக்குள், இவ்வளவு தெரிந்தவர்கள் எதற்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கு எனக்கு என் உடம்பிலேயே பதில் கிடைத்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு ஆனது.

பெரியவர்கள் வகுப்பில் பெண்கள் நிறைய, ஆண்கள் குறைவு. பல பெண்கள் ஆட ஆண் கிடைக்காமல் பயிற்சியாளருடனேயே ஆடுவார்கள். எனக்கு அதிர்ஷ்டம், ஓய்வு பெற்ற மெட்ரோ ஓட்டுநர் ஒருவர் ஜோடியாகக் கிடைத்தார். இரண்டு பேருமே அரைகுறை. புதிதாகக் கற்பவர்கள் ஆடுகிற டச்சு வால்ட்ஸ் என்ற ஆட்டத்தில் தொடங்கினோம். பக்கத்தில் பக்கமாக நின்று, அவர் வலது கை என் வலது இடுப்பில், அதன் மேல் என் கை, இடது கைகள் இரண்டும் முன்னால் கோத்தபடி. இதற்குக் கிலியன் பிடி என்று பெயர். மதுரையில் வளர்ந்தவளுக்கு முதல் வாரம் கூச்சமாகத்தான் இருந்தது. என் கணவர் பார்வையாளர் இருக்கையில் பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஒரு நாள், "நீ தள்ளி நிக்கிறதாலதான் ரெண்டு பேரும் விழறீங்க" என்றார். அது உண்மை. இடுப்புக்கு இடுப்பு ஒட்டி இருந்தால் இரண்டு உடம்பும் ஒரே அச்சில் சுழலும். நடுவில் காற்று போனால் ஆளுக்கொரு அச்சு, வளைவில் இழுபறி. கூச்சத்தை விட்டுவிட்டு நெருங்கி நின்ற நாளிலிருந்து விழுவது குறைந்தது.

வாரத்துக்கு இரண்டு காலை, இரண்டு ஆண்டு. எங்களுக்குள் ஒரு சொல்லாத ஏற்பாடு உருவாகியிருந்தது. அவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் நான் முழங்காலை மடக்குவேன். என் கட்டைவிரல் அவர் கையில் லேசாக அழுந்தினால் அவர் வளைவைக் குறைப்பார். இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி, மகள் ஊருக்குப் போய்விட்டபோதுதான் தெரிந்தது.

2016 இலையுதிர் காலத்தில் எனக்குப் புது ஜோடி. இருபத்தெட்டு வயதுப் பையன். சிறு வயதில் எட்டு ஆண்டு முறையாகக் கற்றவன். பழையவரை விட எல்லா வகையிலும் மேலானவன். எனக்குப் பெரிய சந்தோஷம். இனி ஒரே பாய்ச்சலில் மேலே போகலாம் என்று நினைத்தேன். வகுப்பில் மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் மாதத்திலேயே டச்சு வால்ட்ஸ் கூட வரவில்லை. இரண்டு ஆண்டாகத் தூக்கத்தில் கூட ஆடக்கூடிய ஆட்டம். அவன் அடி நீளம், நான் பின்னால் இழுபடுவேன். நான் எட்டிப் பிடிக்க அவசரப்பட்டால் அடி இசையை முந்தும். அவன் விளிம்பு ஆழமானது, அதனால் வளைவு இறுக்கமாக வரும். நான் வெளிப்பக்கம் இருப்பதால் அதே நேரத்தில் அதிக தூரம் போக வேண்டும், என்னால் முடியாது. அவன் மூச்சுச் சத்தமே கேட்காது. நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன், அதற்குள் அவன் மடக்கி நிமிர்ந்திருப்பான். இரண்டு பேரும் தப்பாக ஆடவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் சரி. சேர்ந்தால் மட்டும் தப்பு.

டிசம்பரில் மொஹாக் என்ற திருப்பத்தைப் பழகினோம். முன்னோக்கிப் போகும்போதே கால் மாற்றிப் பின்னோக்கித் திரும்புவது. நான் மடக்கும்போது அவன் நிமிர்ந்தான், என் பிளேடு அவன் பிளேடில் மாட்டியது. கையை ஊன்றக் கூடாது என்று எத்தனை முறை படித்திருந்தேன். ஊன்றினேன். இடது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மாவிடம் மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருந்த அந்த வாரங்களில்தான் கட்சலாபோவின் பழைய போட்டிகளையும் புதிய போட்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதுவரை செய்தியாகத் தெரிந்தது இப்போது வேறு மாதிரி தெரிந்தது. 2010இல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இலினிக்குடன் உலக ஜூனியர் பட்டம். 2013, 2014 இரண்டு ஐரோப்பியப் போட்டிகளிலும் வெள்ளி. அதே சோச்சியில் ஒலிம்பிக் வெண்கலம். இத்தனையும் கையில் இருக்கிறது. ஜோடி மாறிய முதல் பருவத்தில், 2014 டிசம்பரில், ரஷ்ய தேசியப் போட்டி அதே சோச்சியில் நடந்தது. அவரும் சினித்சினாவும் நான்காம் இடம். ரஷ்யாவிலிருந்து ஐரோப்பியப் போட்டிக்கு மூன்று ஜோடிதான் போக முடியும். பத்து மாதம் முன்பு ஒலிம்பிக் மேடையில் நின்றவர் வீட்டில் உட்கார்ந்தார். அந்தத் தேசியப் பட்டத்தை வென்றது யார் தெரியுமா? அவர் விட்டு வந்த இலினிக்கும் சினித்சினா விட்டு வந்த ஷிகான்ஷினும். அந்த இரவு கட்சலாபோவுக்கும் சினித்சினாவுக்கும் எப்படி இருந்திருக்கும் என்று மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே யோசித்தேன். மனது கனத்தது.

பயிற்சிக்கு அமெரிக்காவின் மிச்சிகனில் மரினா ஸூயேவாவிடம் போனார்கள். அப்புறம் மாஸ்கோ திரும்பினார்கள். இடையிடையே நல்ல முடிவுகளும் வந்தன. ஆனால் அந்த ஆண்டுகளின் காணொளிகளை முழங்காலை மட்டும் பார்த்தபடி ஓடவிட்டால் தெரியும். கட்சலாபோவின் கால் மிக மென்மையானது, பனியை உரசுகிற ஓசையே இல்லாமல் போகிறவர். சினித்சினாவும் அழகாகச் சறுக்குகிறவர். ஆனால் ட்விசில் வரும்போது, அதாவது ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே முன்னே நகரும்போது, இரண்டு பேரும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிக்கிறார்களா என்று பாருங்கள். அங்கேதான் ஒரு ஜோடியின் வயது தெரியும். ட்விசிலில் ஒருவரையொருவர் பிடித்திருக்க மாட்டார்கள், கைகொடுத்துச் சமாளிக்க வழி இல்லை. உள்ளே ஒரே கணக்கு ஓடினால்தான் முடியும்.

கட்டு பிரித்துத் திரும்பிப் போனதும் பயிற்சியாளர் ஒரு காரியம் செய்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டத்தையே தடை செய்துவிட்டார். ஒரு மாதம் முழுக்க, இசை இல்லாமல், கையைக் கோத்துக்கொண்டு தளத்தைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். தள்ளு, மடக்கு, நிமிர். தள்ளு, மடக்கு, நிமிர். பையனுக்கு இது அவமானமாக இருந்தது, முகம் சுருங்கியது. இரண்டாவது வாரம் அவர் சொன்னார்: "நீ அவளை விட நன்றாக ஆடுகிறாய். அதை மறந்துவிடு. இங்கே வேகம் என்பது இரண்டு பேரில் மெதுவானவரின் வேகம்தான். அதைத் தெரிந்துகொண்டவன்தான் ஜோடி." என்னிடமும் சொன்னார்: "நீ பழைய ஜோடியோடு ஆடிக்கொண்டிருக்கிறாய். அவர் மூச்சுக்காகக் காத்திருக்கிறாய். அவர் இங்கே இல்லை."

ஆமாம், அதுதான் விஷயம். நான் புதியவனோடு ஆடவே தொடங்கவில்லை.

ஜோடி மாறுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இதை மட்டும் அழுத்திச் சொல்வேன். இரண்டு பேருக்கும் தெரிந்த ஆட்டத்தில் தொடங்காதீர்கள். தெரிந்த ஆட்டத்தில் உடம்பு பழைய ஆளைத் தேடும். வெறும் தள்ளலில் தொடங்குங்கள், அல்லது இருவருக்கும் புதிதான ஒன்றில். எண்ணுவதை வாய்விட்டு எண்ணுங்கள், ஒருவர் மாற்றி ஒருவர். யார் எண்ணுகிறாரோ அவர் கணக்குத்தான் அன்றைய சட்டம். ஆட்டத்தைக் கைப்பேசியில் படமெடுத்து இடுப்புக்கு மேலே கையால் மறைத்துப் பாருங்கள். நான்கு முழங்கால் மட்டும் தெரியும், தப்பு எங்கே என்று ஒரு நிமிடத்தில் பிடிபடும். அப்புறம், விழுந்த நாளன்று யார் மேல் தப்பு என்று பேசாதீர்கள். அடுத்த வகுப்பில் பேசலாம்.

கட்சலாபோவும் சினித்சினாவும் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸுக்குப் போகவில்லை. அதற்கு முன்பே அவர்கள் அலெக்சாண்டர் ஜூலினிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். 1994 லில்லேஹாமரில் மாயா உசோவாவுடன் வெள்ளி வென்றவர் ஜூலின். கட்சலாபோவ் ஜூனியராக இருந்தபோது பயிற்சி கொடுத்ததும் அவர்தான். பின்னர் கட்சலாபோவும் இலினிக்கும் அவரை விட்டு நிகோலாய் மொரோசோவ் என்ற இன்னொரு பயிற்சியாளரிடம் போயிருந்தார்கள். விட்டுப் போன ஆசிரியரிடம் திரும்பி வருவது எளிதல்ல. ஒலிம்பிக் பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பிறகு இன்னும் கடினம். கட்சலாபோவின் விளையாட்டு வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கிற முடிவு அதுதான். பதக்கங்களை அதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

2018-19 பருவத்தின் ரிதம் டான்ஸுக்கு, அதாவது போட்டியின் முதல் சுற்றுக்கு, எல்லா ஜோடிகளும் ஆட வேண்டிய ஆட்டமாக டாங்கோ ரொமான்டிகா வந்தது. இதைக் கேட்டதும் எங்கள் பயிற்சியாளர் வகுப்பை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசினார். ஏனென்றால் அது அவர் ஊர்ச் சொத்து. 1974இல் லுட்மிலா பகோமோவாவும் அலெக்சாண்டர் கோர்ஷ்கோவும் பயிற்சியாளர் எலெனா சைகோவ்ஸ்கயாவோடு சேர்ந்து உருவாக்கிய ஆட்டம். பகோமோவாவும் ஜோடி மாறியவர்தான். அதற்கு முன்பு விக்டர் ரிஷ்கினுடன் ஆடினார். பின்பு அவ்வளவாகப் பெயர் இல்லாத கோர்ஷ்கோவைத் தேர்ந்தெடுத்தார். அப்போது பிரிட்டிஷ் ஜோடிகளின் ஆதிக்கம். 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டு டயான் டவ்லர், பெர்னார்ட் ஃபோர்டு ஜோடிதான் உலகச் சாம்பியன். 1970இல் பகோமோவாவும் கோர்ஷ்கோவும் பட்டத்தை எடுத்தார்கள், மொத்தம் ஆறு முறை வென்றார்கள். 1975இல் கோர்ஷ்கோவுக்கு நுரையீரல் அறுவை சிகிச்சை, அந்த உலகப் போட்டியில் ஆட முடியவில்லை. அடுத்த ஆண்டு இன்ஸ்ப்ரூக்கில் ஐஸ் டான்ஸ் முதன்முதலாக ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்டது. முதல் தங்கம் அவர்களுக்கு. பகோமோவா 1986இல், நாற்பது வயது நிறைவதற்குள், இறந்துபோனார். எங்கள் பயிற்சியாளர் அவரைப் பற்றிப் பேசும்போது கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

அந்த டாங்கோவை ஆடிய பருவத்தில், 2019 மார்ச்சில், கட்சலாபோவும் சினித்சினாவும் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்கள். 211.76 புள்ளிகள். நடந்த இடம் சைதாமா சூப்பர் அரீனா. ஐந்து ஆண்டு முன்பு பழைய ஜோடியோடு அவர் கடைசியாக ஆடி நான்காம் இடம் வந்த அதே அரங்கம். நான் அலுவலக நேரத்தில் கைப்பேசியில் முடிவைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது புள்ளியை அல்ல. "முழங்கால் எப்படி இருந்தது?" என்றார். ஐந்து ஆண்டில் என் ரஷ்ய மொழி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு வந்திருந்தது. சேர்ந்திருந்தது என்று சொன்னேன்.

அந்த நவம்பரில் மாஸ்கோ மெகாஸ்போர்ட் அரங்கில் அவர்களை நேரில் பார்த்தேன். மலிவு டிக்கெட், மேல் வரிசை. மேலேயிருந்து பார்ப்பதுதான் நல்லது என்று நான் இப்போது எல்லோருக்கும் சொல்வேன். தொலைக்காட்சி முகத்தைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. மேலே இருந்து பார்த்தால் பனியின் மேல் அவர்கள் போட்டுவிட்டுப் போகிற கோடு தெரியும். இரண்டு வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று, இரண்டும் ஒரே ஆழம். பயிற்சி நேரத்தில் ஒரு திருப்பத்தை மட்டும் ஏழெட்டு முறை செய்தார்கள். இசை இல்லை. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, இரண்டு அடி பின்னால் போய், கையைக் கோத்து, தள்ளு, மடக்கு. என் பக்கத்தில் என் ஜோடிப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எங்கள் ஒரு மாதத் தண்டனை இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருந்தது.

2020 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஐரோப்பியப் போட்டி. பிரான்ஸின் கேப்ரியெல்லா பாபடாகிஸ், கியோம் சிசெரோன் ஜோடி அதற்கு முன் தொடர்ந்து ஐந்து முறை அந்தப் பட்டத்தை வென்றிருந்தது. அவர்களைத் தோற்கடிக்க முடியும் என்று யாரும் பேசிக்கூட நான் கேட்டதில்லை. முடிவு: 220.42, 220.28. வித்தியாசம் 0.14. கட்சலாபோவும் சினித்சினாவும் ஐரோப்பியச் சாம்பியன். 0.14 என்பது ஒரு நடுவர் ஓரிரு இடங்களில் ஒரு படி கூட்டியோ குறைத்தோ போட்டால் மாறிவிடக்கூடிய அளவு. அதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஜோடியை அவ்வளவு நெருங்கி வந்து நின்றால்தானே 0.14 பற்றியே பேச முடியும். ஐந்து ஆண்டு முன்பு தேசிய அளவில் நான்காவது.

அந்த மார்ச்சில் மான்ட்ரியலில் நடக்க இருந்த உலகப் போட்டி கொரோனாவால் ரத்தானது. மாஸ்கோவில் எங்கள் தளமும் மூடப்பட்டது. இரண்டு மாதம் சமையலறைத் தரையில் காலுறையோடு பயிற்சி செய்தேன். இது உண்மையிலேயே பலன் தரும், பனி இல்லாத ஊரில் இருக்கிறவர்களும் செய்யலாம். தரையில் ஆட்டத்தின் பாதையைச் சாக்பீஸால் வரைந்து, ஒரு தாளக் கருவிச் செயலியை ஓடவிட்டு, நடந்தபடியே மடக்கி நிமிர வேண்டும். நானும் பையனும் ஆளுக்கொரு வீட்டில், கைப்பேசியை நிறுத்திவைத்து, ஒரே தாளத்துக்கு நடப்போம். சத்தம் வந்து சேர அரை நொடி தாமதமாகும், அதனால் அவனைக் கேட்டு ஆட முடியாது. என் தாளத்தை நானே பிடித்தாக வேண்டும். பழைய ஜோடியின் மூச்சுக்காகக் காத்திருந்த என் பழக்கம் கடைசியாக அங்கேதான் உடைந்தது.

2021 மார்ச்சில் ஸ்டாக்ஹோம், காலியான அரங்கம். பாபடாகிஸும் சிசெரோனும் வரவில்லை. 221.17 புள்ளிகளோடு கட்சலாபோவும் சினித்சினாவும் உலகச் சாம்பியன். முப்பதை நெருங்குகிற வயதில் அவருக்குச் சீனியர் அளவில் முதல் உலகப் பட்டம். கைதட்ட ஆள் இல்லாத அரங்கில் பிளேடு பனியை அறுக்கிற ஒலி ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டேன். இரண்டு பேர் ஆடுகிறார்கள், ஒரே ஓசை வருகிறது.

அடுத்த ஆண்டு தாலினில் மீண்டும் ஐரோப்பியப் பட்டம். பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். அங்கே காலைப் போட்டி, மாஸ்கோவில் விடிவதற்கு முன்பு. எட்டு ஆண்டு முன்பு போலவே எதிர் வீட்டு அம்மாவும் நானும் தேநீரோடு உட்கார்ந்தோம். இந்த முறை என் வீட்டில். தங்கம் பாபடாகிஸ், சிசெரோன் ஜோடிக்கு, 226.98. வெள்ளி இவர்களுக்கு, 220.51. அந்த அம்மா அழவில்லை. "எட்டு வருஷம்" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அணிப் போட்டியில் ரஷ்யா வாங்கிய முதலிடம் பின்னால் ரஷ்ய அணியில் ஆடிய கமிலா வாலியேவாவின் ஊக்கமருந்து வழக்கால் நிலைக்கவில்லை. 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றத் தீர்ப்பு வந்ததும் பட்டியல் மாறி ரஷ்யா மூன்றாவதாகப் போனது. அணிப் போட்டியின் இரண்டு டான்ஸிலும் ஆடியவர்கள் கட்சலாபோவும் சினித்சினாவும். தங்கள் பங்கைச் சரியாகச் செய்துவிட்டு இன்னொருவர் வழக்கில் அதை இழந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனைதான். 2022 மார்ச்சில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ரஷ்ய வீரர்களைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அதற்குப் பிறகு அவர்கள் உலகப் போட்டி எதிலும் ஆடவில்லை.

பெய்ஜிங் முடிவு வந்த அன்று காலை எனக்கும் வகுப்பு இருந்தது. தூக்கமில்லாத கண்ணோடு போனேன். பையன் ஏற்கனவே ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான், அவனும் பார்த்திருந்தான். பயிற்சியாளர் எதுவும் சொல்லாமல் டாங்கோ ரொமான்டிகாவின் முதல் பத்து அடிகளுக்கான இசையைப் போட்டார். அதற்கு முன்பு மூன்று மாதமாக அந்தப் பத்தைத்தான் பழகிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். நான்காவது அடியில் எண்ணுவது நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. பத்தாவது அடி முடிந்து நின்றபோது தளத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பயிற்சியாளர் எங்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கலேனி" என்று சொல்லவில்லை. கையைச் சுழற்றி, இன்னொரு முறை என்று சைகை காட்டினார்.